கடற்காற்றும் பழைய காரும்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு ஒருமுறை சாலை வழியே போய் வாருங்கள். சுமார் 45 கிலோமீட்டர்தான். வழியில் ஏதாவது ஒரு வீட்டின் பக்கத்தில், வேப்ப மரத்தடியிலோ ஓலைக் கொட்டகையிலோ, காற்று இறங்கிய டயர்களுடன் ஒரு பழைய கார் நிற்பது உங்கள் கண்ணில் படக்கூடும். அது அம்பாசடராக இருக்கலாம், ஃபியட்டாக இருக்கலாம், அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம். "இதை வாங்கிச் சரிசெய்து ஓட வைக்க முடியுமா?" என்ற ஆசை உங்களுக்குத் தோன்றினால் அது நல்ல ஆசைதான். உங்கள் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ துணைக்கு இருந்தால் அது நடக்கக்கூடிய ஆசையும்கூட.

ஆனால் அந்தக் காருக்குள் பல ஆண்டுகளாக வேதியியலும் இயற்பியலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவை என்ன செய்திருக்கின்றன என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்தால் பணம் போகும். தெரியாமல் ஓட்டினால் உயிரே போகலாம். எனவே வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை எவை, வாங்கிய பிறகு எதை முதலில் தொட வேண்டும், ஏன் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மூன்று பழைய கார்கள்

நம் நாட்டுச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே வகை.

முதலாவது, மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவியது. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014 வரை உற்பத்தியானது. இரண்டாவது, பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100. 1970களில் இது 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் மாறியது.

மூன்றாவது நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த உருவம். இதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும். திறந்ததும் எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரங்கள் எல்லாம் வெட்டவெளியில் வைத்ததுபோல் தெரியும். கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட வசதியான கார் இல்லை எனலாம்.

இந்த மூன்றுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஹெரால்டின் அடியில் சேசிஸ் என்ற இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது. எஞ்சினையும் சக்கரங்களையும் அந்தச் சட்டம் தாங்குகிறது. மேலே பாடி பல துண்டுகளாக போல்ட் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து பற்றவைக்கப்பட்டு, முட்டை ஓடு போல முழு உடலுமே சுமையைத் தாங்குகிறது.

இதை ஏன் சொல்கிறோம்? அம்பாசடரின் கதவுக்குக் கீழுள்ள பெட்டி துருப்பிடித்துவிட்டால் கெடுவது அழகு மட்டுமன்று. காரின் முதுகெலும்பே பலவீனமாகிறது. ஹெரால்டில் தரைத்தகடு ஓட்டையானால் தகட்டை மாற்றிவிடலாம். ஆனால் அதன் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்திருந்தால் ஆபத்து. ஆகவே எந்தக் காரானாலும், 'சுமையைத் தாங்குவது எது?' என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். அங்கே துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. ஆங்கிலேயர் இதைப் போர்ட்டோ நோவோ என்றனர். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கே ஓர் இரும்பு உருக்காலையை நிறுவினார். சேலம் பகுதி இரும்புக் கல்லைக் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினார்கள். அந்த ஆலை நீடிக்கவில்லை. ஆனால் அங்கே நடந்த வேதிவினையை நினைவில் வையுங்கள். இரும்புக் கல் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. மரக்கரி மிகுந்த வெப்பத்தில் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு தனியாகிறது.

அவ்வளவு வெப்பம் செலவழித்துப் பிரித்த இரும்பு, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடி ஆக்சிஜனோடு சேரத் துடிக்கிறது. அந்தச் சேர்க்கைதான் துரு. உலையில் சில மணி நேரத்தில் நடந்ததைக் கடற்கரை பல ஆண்டுகளில் தலைகீழாகச் செய்துவிடுகிறது.

துருப்பிடித்தல் உண்மையில் ஒரு மின்வேதிவினை. இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளியின் நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் இறங்குகின்றன. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, காற்று அதிகம் கரைந்திருக்கும் துளியின் ஓரத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. சுருங்கச் சொன்னால், அந்தத் துளி ஒரு சின்னஞ்சிறு பேட்டரி. இரும்பு அதில் கரைந்துபோகும் முனை.

பேட்டரியில் நல்ல மின்கடத்தும் திரவம் வேண்டுமல்லவா? மழைநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். அதனால்தான் கடலோரத்தில் துரு வேகமாகப் பிடிக்கிறது. மேலும் உப்பிலுள்ள குளோரைடு அயனி, இரும்பின் மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் குலைத்துவிடுகிறது.

இன்னொரு செய்தி. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகப் பறக்கின்றன. அவை காரின் மூலை முடுக்குகளில் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே கடலூர் முதுநகரில் ஒரு காரின் மேல் மழையே பெய்யாவிட்டாலும், உப்பு படிந்த இடம் கிட்டத்தட்ட எப்போதும் ஈரமாகவே இருக்கிறது!

சிதம்பரம் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. காற்றிலுள்ள உப்பு கடற்கரையை விட்டு விலக விலக விரைவாகக் குறைந்துவிடும். எனவே மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தால், கடற்கரையில் நின்ற காரைவிடச் சிதம்பரத்தில் நின்ற கார் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வாங்குவதற்கு முன்

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன விலை?" என்பதன்று. "இந்தக் கார் எங்கே நின்றது?" என்பதுதான். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது எங்கே நின்றது? 2011 டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கே நின்றது? 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் எங்கே நின்றது? கடல்நீரில் மூழ்கிய கார், ஆற்றுநீரில் மூழ்கிய காரைவிட மோசமாகக் கெட்டிருக்கும். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

வாயால் சொல்லாததைக் காரே சொல்லும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிய வண்டல் படிந்திருக்கிறதா? சீட்டுக்கு அடியில், கதவின் உட்பக்கத்தில், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா? இவை வெள்ளத்தின் கையெழுத்து.

பிறகு ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். காரின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். நல்ல தகட்டில் காந்தம் 'பச்' என்று ஒட்டும். சில இடங்களில் ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை. ஓட்டையைப் பட்டி வைத்து மறைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். பெயிண்டில் கொப்புளம் தெரிந்தால் அதையும் கவனியுங்கள். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்டை உள்ளிருந்து தள்ளி உப்ப வைக்கிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே துரு வெகுதூரம் பரவியிருக்கும்.

அடுத்தது ஒரு ஸ்குரூ டிரைவர். காரின் அடியில் சுமை தாங்கும் பகுதிகளில் அதன் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. முதல் முயற்சிக்கு இது ஒரு பொன்விதி: எஞ்சின் கெட்ட காரை வாங்கலாம், எலும்பு கெட்ட காரை வாங்கக் கூடாது. எஞ்சினைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக முடியும். துருப்பிடித்த உடலை எங்கே கொண்டுபோவது?

உதிரிப் பாகம் கிடைக்குமா என்றும் யோசியுங்கள். அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானதால் அதன் பாகங்கள் ஓரளவு எளிதாகக் கிடைக்கும். ஹெரால்டு நின்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதற்குச் சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கப் பொறுமை வேண்டும்.

காகிதங்களும் காரின் ஒரு பாகம்

ஆர்.சி. புத்தகம் இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் வெட்டப்பட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எழுத்து மங்கலாக இருந்தால், அதன் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். எண் தாளில் எழும்பும்.

நம் நாட்டில் தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைத் தாண்டிய சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியைப் 'பழம்பெரும் வண்டி' என்று பதியலாம். அதன் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

இன்று எல்லா ஹெரால்டு கார்களும் 50 வயதைக் கடந்தவை. ஆகவே, "இதை வெட்டி வேறு எஞ்சின் வைத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஒருமுறை வெட்டிவிட்டால் அந்தத் தகுதி போய்விடும்.

நீண்ட நாள் தூங்கிய எஞ்சின்

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்!

எஞ்சினுக்குள் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி வார்ப்பிரும்பு ரிங்குகள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்றால் எண்ணெய் கீழே வடிந்து, ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் ரிங் உடையும், சிலிண்டர் கீறும்.

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் சிறிதளவு எஞ்சின் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். அது மெல்ல இடுக்குகளில் ஊறும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, பெரியவர் ஒருவர் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கட்டும். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால், எதிரே வளைத்த கட்டைவிரல் முறிந்துவிடும். பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் அறிந்த பாடம் இது.

எஞ்சின் சுழல்கிறது என்றால் அதன் உடல்நிலையை அளக்கலாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? முதலில் வந்த ஹெரால்டின் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 76 மில்லிமீட்டர். ஆரம் 3.15 செ.மீ.; அதன் வர்க்கத்தை 3.1416-ஆல் பெருக்கினால் 31.17 சதுர செ.மீ. இதை 7.6-ஆல் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 237 கன செ.மீ. நான்குக்கும் சேர்த்து 948 கன செ.மீ. '948 சி.சி.' என்பது இதுதான். ஃபியட்டுக்கு விட்டம் 68, தூரம் 75 மில்லிமீட்டர். அதன் சி.சி. எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். விடை 1,089 வர வேண்டும்.

இவ்வளவு காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் மேலே வந்து சிறு இடத்துக்குள் அமுக்குகிறது. எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் என்ற அளவி இருக்கும். அதை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்து எஞ்சினைச் சுழற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் பெரிதா சிறிதா என்பதைவிட, நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி யார்? அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளங்கள். அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் அடைத்துக்கொண்டது என்று பொருள், தேய்ந்தது ரிங். உயராவிட்டால் கசிவு மேலே இருக்கிறது, வால்வைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் விட்டிருக்கலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயால் எஞ்சினைத் திறக்காமலே உள்ளே பார்த்துவிட்டோம். அறிவியல் முறை என்பது இதுதான்.

பெட்ரோல் டாங்க்: எச்சரிக்கை!

பழைய பெட்ரோல் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின்போல் ஆகிவிடும். அது கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். எனவே டாங்கைக் காலி செய்து கழுவ வேண்டும்.

டாங்கில் ஓட்டை இருந்தால் பற்றவைக்கச் சொல்லலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "டாங்க் காலியாகத்தானே இருக்கிறது" என்பார்கள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நிறைந்த டாங்கில் காற்றுக்கு இடமில்லை. 'காலி' டாங்கிலோ ஆவியும் காற்றும் வெடிப்பதற்கேற்ற அளவில் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எனவே காலி டாங்க்தான் அதிக ஆபத்தானது! டாங்கை நீங்கள் தொடவே வேண்டாம். அந்த வேலையில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

இக்காலப் பெட்ரோலிலும் மாற்றம் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். அது நச்சு என்பதால் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. வால்வு வந்து உட்காரும் இருக்கையின் தேய்மானத்தை அந்த ஈயம் குறைத்துவந்தது. ஆகவே எஞ்சினைத் திறக்கும்போது கடினமான உலோக இருக்கைகளைப் பொருத்துவது நல்லது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களை மாட்டுங்கள்.

பொறி பறக்கிறதா?

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் பொறி பறக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த மாயத்தைச் செய்வது இக்னிஷன் காயில். அதற்குள் தடித்த கம்பிச் சுற்று ஒன்று, அதைப்போல் பல மடங்கு சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று. முதல் சுற்றில் மின்னோட்டம் திடீரென அறுந்தால், அதன் காந்தப் புலம் சட்டென விழுந்து இரண்டாவது சுற்றில் மிக உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்புகிறது. ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான்.

மின்னோட்டத்தை அறுப்பது, மெக்கானிக்குகள் 'பாயிண்ட்' என்று சொல்லும் சிறிய தொடுமுனை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1,500 பொறி, நான்குக்கும் 6,000. அதாவது விநாடிக்கு 100 முறை அந்தச் சின்னஞ்சிறு முனை திறந்து மூடுகிறது! கடற்காற்றில் அதன் மேல் ஆக்சைடு படிந்தால் மின்சாரம் போகாது. மெல்லிய தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், "செத்துப்போனது" என்று சொன்ன எஞ்சின் பலமுறை உயிர்பெறும். பிளக் ஒயர்களைக் கழற்றும் முன் எண் எழுதி ஒட்டுங்கள். நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒயர் மாறினால் வரிசை குலையும்.

பேட்டரி மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் வகைப் பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும். இக்காலக் கார்களுக்கு நேரெதிர். பார்க்காமல் மாட்டினால் மின்கருவிகள் கெடும்.

ஓட வைப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

இக்கட்டுரையில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் ஆரவாரத்தோடு தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆசைப்படுவார்கள். பிரேக்கைப் பார்க்காமல் ஓர் அடிகூட நகர்த்த விடாதீர்கள்.

பிரேக் வேலை செய்வது பாஸ்கல் விதிப்படி. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவுகிறது. நீங்கள் மிதிக்கும் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மெல்லிய உலோகக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. இக்காலக் கார்களில் இந்தக் குழாய்வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று விட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். பழைய கார்களில் பொதுவாக ஒரே வழிதான். ஒரு குழாயில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் கிடையாது!

அந்தக் குழாய் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். ஆகவே பழைய குழாய்கள், ரப்பர் வாஷர்கள், திரவம் எல்லாவற்றையும் தயங்காமல் மாற்ற வேண்டும். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்தாவது இதைச் செய்ய வேண்டும். இன்னோர் எச்சரிக்கை: பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் தூசியை ஊதாதீர்கள், காற்றும் பிடிக்காதீர்கள். நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். அந்த இழைகள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

துருவுக்குக் கடுக்காய், பெயிண்டுக்குப் பங்குனி

பாடி வேலைக்கு வருவோம். முதலில் நல்ல தண்ணீரால் உப்பு முழுவதையும் கழுவ வேண்டும். உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் நோயைப் போர்வையால் மூடியது போலாகும். பிறகு தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்ட வேண்டும். மிஞ்சும் மெல்லிய துருவைச் சில வேதிப்பொருள்கள் காப்புப் படலமாகவே மாற்றிவிடும். பாஸ்பாரிக் அமிலம் அப்படிப்பட்டது. டானின் என்ற பொருளும் அப்படித்தான். அது துருவோடு சேர்ந்து கறுப்பான இரும்பு டானேட் ஆகிறது. டானின் நமக்குப் புதிதா? கடுக்காயில் நிறைய இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை தயாரித்தது இதே வினையால்தான். கடுக்காயைக் கொதிக்க வைத்த நீரில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு மறுநாள் பாருங்கள்.

பெயிண்ட் அடிக்க ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பெயிண்டின் மேல் படிந்து, பளபளப்பு போய் வெளிறிவிடும். பங்குனி, சித்திரை மாதங்களில் காலை வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முன் அடிப்பது கடலூர்க்காரர்களுக்கு ஏற்றது.

கழற்றினால் போதாது

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974) அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் வயதில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அதைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். பின்னாளில் அவர் பஸ் கம்பெனி நடத்தினார், தொழிற்சாலைகள் கண்டார். இன்றும் கோவையில் அவர் பெயரால் கார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.

அவர் கழற்றினார் என்பதைவிட, மீண்டும் பூட்டினார் என்பதே பெரிய செய்தி. கழற்றிய பாகங்கள் அட்டைப் பெட்டிகளில் தூங்க, பாதியில் நின்றுபோன கார்கள் எத்தனையோ! ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, செலவு, செய்த வேலை மூன்றையும் குறியுங்கள். பிரேக், பிறகு எஞ்சின், பிறகு மின்சாரம், கடைசியில் அழகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். 18 வயது நிறைந்து உரிமம் பெறும்வரை ஓட்டுவது பெரியவர்கள் வேலை. நீங்கள் தலைமை மெக்கானிக்!

செய்து பாருங்கள்

கார் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். துத்தநாகம் பூசாத வெறும் இரும்புத் தகட்டில், 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட நான்கு துண்டுகளை வெட்டி வாங்குங்கள். ஓரங்களில் கை வெட்டாமல் அரம் போட்டுக்கொள்ளுங்கள். உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். இரண்டைக் கடலூரில் கடற்கரைக்கு அருகிலுள்ள நண்பர் வீட்டிலும், இரண்டைச் சிதம்பரத்திலும் மழை படாத கூரை ஓரத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒன்றை மட்டும் தினமும் காலையில் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துணியால் துடைத்து உலர்த்துங்கள். மற்றொன்றைத் தொடாதீர்கள்.

ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் ஒரு செ.மீ. கட்டங்கள் நூறு வரைந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதைத் தகட்டின் மேல் வைத்து, துருப்பிடித்த கட்டங்களை எண்ணுங்கள். எண்ணிய எண்ணிக்கையே சதவீதம். நான்கு வாரம் கழித்து நான்கு தகடுகளுக்கும் வரைபடம் போடுங்கள். கடலூரில் கழுவித் துடைத்த தகடும் சிதம்பரத்தில் தொடாமல் விட்ட தகடும் எப்படி ஒப்பிடுகின்றன? பழைய காரைக் கடற்கரை ஊரில் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு கோடுகளும் உங்களுக்கு விடை சொல்லும்.